வெள்ளிக் கம்பியில் பின்னல் வேலை (எங்கள் குடும்பக் குழுவில்)

நான்: பெரியப்பா, இன்றைக்கு இங்கே அமெரிக்காவில், சான் டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு கண்காட்சி பார்த்தேன். ஆர்லீன் ஃபிஷ் என்ற நகைக் கலைஞரின் நினைவாக வைத்திருக்கிறார்கள். நகை வேலை செய்யும் உங்களுக்காகத்தான் இத்தனை படம் எடுத்தேன், பெரிதாக்கிப் பாருங்கள்.

நான்: 📷📷📷

சித்தி: ஸ்வெட்டர் கழுத்து மாதிரி இருக்கிறதே! கம்பளி நூலா?

நான்: கம்பி சித்தி. நெசவு, ஊசிப் பின்னல், குரோஷா, கூடை முடைதல் எல்லாவற்றையும் உலோகத்தில் செய்தவர் அவர்.

அம்மா: எத்தனை பவுன் வரும்?

நான்: பெரும்பாலும் வெள்ளியும் செம்பும்தான் அம்மா. இங்கே எடை போட்டு விலை சொல்வதில்லை, கைவேலைக்குத்தான் மதிப்பு. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

பெரியப்பா: கம்பி வளைய வளைய இறுகும் கண்ணு. நடுவில் காய்ச்சி ஆறவிடாவிட்டால் ஒடிந்துவிடும். இத்தனை கண்ணி எப்படிப் போட்டார்?

நான்: வெள்ளி என்றால் செம்பு கலக்காத சுத்த வெள்ளி, மெல்லிய கம்பி. அது மிருதுவாக வளையும். வண்ண வண்ணமாகத் தெரிவது மேல்பூச்சு போட்ட செம்புக் கம்பி. நெருப்பில் காட்டினால் பூச்சு எரிந்துவிடும், அதனால் காய்ச்சாமலே பின்னி முடிக்க வேண்டும்.

அண்ணன்: பூச்சு போட்ட செம்பா? அது நம் மோட்டார் வைண்டிங் கம்பிதானே! கோயம்புத்தூரில் எந்த வைண்டிங் கடையில் கேட்டாலும் கிடைக்கும்.

நான்: அதே வகைதான் அண்ணா. அதில் ஜெல்லி மீன்கள்கூடப் பின்னியிருக்கிறார். மான்டெரே விரிகுடா மீன் காட்சியகத்தில் பார்த்த ஜெல்லி மீன்கள்தான் தூண்டுதலாம். உலோகம் என்று சொன்னால்தான் தெரியும், அவ்வளவு லேசாகத் தொங்குகின்றன.

பெரியப்பா: படிப்பா, பரம்பரைத் தொழிலா?

நான்: படிப்புதான். 1931இல் புரூக்ளினில் பிறந்தவர். அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் டென்மார்க் போய் வெள்ளி வேலை கற்றார். 1961இல் இந்தப் பல்கலைக்கழகத்தில் நகைத் துறையைத் தொடங்கி, 2000 வரை பாடம் நடத்தினார். 1975இல் தன் பின்னல் முறைகளை எல்லாம் புத்தகமாக எழுதிவிட்டார். எந்தக் கம்பி, எந்தக் கருவி, கண்ணியை எப்படி எடுப்பது என்று யார் வேண்டுமானாலும் படித்துச் செய்யலாம்.

பெரியப்பா: தொழில் ரகசியத்தையா எழுதினார்?

நான்: ஆமாம் பெரியப்பா. நகைகளைவிட அதுதான் பெரிய கொடை என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியப்பா: கண்ணு, கம்பிப் பின்னல் நமக்குப் புதிதில்லை. திருச்சியில் வெள்ளிக் கம்பியையும் தங்கக் கம்பியையும் பின்னிச் சங்கிலி செய்தார்கள். வெள்ளைக்காரர்கள் ‘டிரிச்சினோபோலி சங்கிலி’ என்று ஆசையாக வாங்கிப் போனார்கள்.

நான்: இங்கேயும் அந்தப் பெயர் தெரிகிறது! வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகளான வைக்கிங்குகள் காலத்துப் பின்னல் சங்கிலிகளையும் தொல்லியல் ஆட்கள் ‘டிரிச்சினோபோலி’ வேலை என்றே எழுதியிருக்கிறார்கள்.

அண்ணன்: வைக்கிங் சங்கிலிக்குத் திருச்சி பெயரா? இத்தனை வருஷம் எனக்குத் தெரியாதே.

பெரியப்பா: ஊர் பெயர் நின்றது. செய்தவன் பெயர் ஒன்றாவது நின்றதா? எங்கள் அப்பா, மாமா எல்லாரும் கையைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றுதான் சொன்னார்கள். வெளியாள் வந்தால் வேலையைத் துணி போட்டு மூடிவிடுவார்கள். பிழைப்புக்குப் பயந்து அப்படிச் செய்தார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இன்றைக்குப் பட்டறையில் உட்காரப் பிள்ளைகள் இல்லை. இந்த அம்மா எழுதி வைத்தது சரிதான்.

அம்மா: நீங்களும் சொல்லுங்கள் மாமா, தம்பி வீடியோ எடுக்கட்டும். கம்பி இழுப்பதிலிருந்து பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது வரை.

அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு வருகிறேன் பெரியப்பா. ஸ்டாண்டு இருக்கிறது.

பெரியப்பா: வா. காலையில் வெளிச்சம் நன்றாக இருக்கும்.

சித்தி: எனக்கும் கொஞ்சம் வைண்டிங் கம்பி கொண்டு வா தம்பி. குரோஷா ஊசியில் போட்டுப் பார்க்கிறேன்.

அண்ணன்: 32 கேஜ் தருகிறேன் சித்தி, மெல்லிசு. பழைய மோட்டாரில் கழற்றியது வேண்டாம், பூச்சு உரிந்திருக்கும்.

நான்: சித்தி, கண்ணியைத் தளர்வாகப் போடுங்கள். நூல் மாதிரி பிரித்துத் திரும்பப் பின்ன முடியாது, மடிந்த இடத்தில் ஒடியும்.

பெரியப்பா: கண்ணு, இரண்டாவது படத்தில் கொக்கி சேரும் இடத்தைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பு. கம்பி நுனியை எங்கே மறைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

நான்: நாளைக்கே போய் எடுத்து அனுப்புகிறேன் பெரியப்பா.