அம்பாசடர் 1489 சிசி எஞ்சின்: புஷ்ராடைக் குறைப்பதா, ஷிம் வைப்பதா?

வணக்கம் நண்பர்களே. பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பிஎம்சி (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி சீரிஸ் வகைதான். ஹெட் (சிலிண்டர்களை மூடும் மேல்பாகம்) வளைந்திருந்ததால் லேத் பட்டறையில் சுமார் 1 மி.மீ. சீவியாயிற்று; வால்வு அமரும் சீட்டும் வெட்டியிருக்கிறார்கள். வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டும் கிரைண்டிங் ஆகி வந்திருக்கிறது.

இப்போது ராக்கரில் (வால்வை அழுத்தித் திறக்கும் கை) உள்ள டேப்பெட் ஸ்க்ரூவைக் கிட்டத்தட்ட முழுக்க மேலே ஏற்றினால்தான் ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே வேண்டிய இடைவெளி கிடைக்கிறது. ஹெட் இறங்கிய அளவுக்குப் பழைய புஷ்ராடு (கீழிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பி) நீளம் அதிகமாகிவிட்டது, அது புரிகிறது. கிரைண்டிங்கில் கேமின் அடிவட்டம் (மேடு இல்லாத வட்டப் பகுதி) சிறுத்ததில், புஷ்ராடைத் தாங்கும் டேப்பெட் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் போதவில்லை.

குழப்பம் இனிமேல்தான். வால்வு தண்டின் நுனியில் மார்க்கர் தடவி எஞ்சினைச் சுழற்றிப் பார்த்தால், ராக்கர் உரசும் தடம் நடுவில் விழாமல் ஓரமாக விழுகிறது. ஷெவர்லே வி8 வீடியோக்களில் இதற்கு புஷ்ராடு நீளத்தை மாற்றச் சொல்கிறார்கள். அங்கே ராக்கர் தனித்தனி ஸ்டட்டில் (திருகு முளை) நிற்பதால், புஷ்ராடு நீளம் மாறினால் ராக்கரின் உயரமும் மாறும்; அது சரி. நம்முடையது எல்லா ராக்கரும் ஒரே தண்டில் நிற்கும் ஷாஃப்ட் ராக்கர். புஷ்ராடை மாற்றினால் ஸ்க்ரூ நிலைதான் மாறும், தடம் நகராது. சீட் வெட்டியதில் வால்வு மேலே ஏறியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ராக்கர் தண்டைத் தாங்கும் தூண்களுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) வைத்தால் ஸ்க்ரூ, தடம் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகத் தீருமா? எவ்வளவு கனம் வரை வைக்கலாம்? எண்ணெய் ஏறும் தூணுக்கு ஓட்டையுள்ள ஷிம் வேண்டும், அதை எதில் வெட்டினீர்கள்? புஷ்ராடை நடுவில் வெட்டி வெல்டு வைத்துத் தருகிறேன் என்கிறார் பட்டறைக்காரர். எனக்குத் துணிச்சல் இல்லை. குறைந்த நீளத்தில் புதிதாகச் செய்து வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.