"அஞ்சு போடு பிள்ளை": நீங்கள் சந்தித்த பெண்கள் தங்கள் நலத்தைப் பற்றி என்ன சொன்னார்கள்?

திருகோணமலை நகரிலிருந்து:
வாழ்வாதாரக் கணக்கெடுப்பு ஒன்றுக்காகச் சம்பூர் போயிருந்தேன். 2006இல் போரினால் இடம்பெயர்ந்து, வருடக்கணக்காக முகாம்களில் இருந்து, 2015க்குப் பிறகு சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம். படிவத்தின் கடைசிக் கேள்வி, வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள். அந்த வீட்டு அம்மா யோசிக்கவே இல்லை. "அஞ்சு போடு பிள்ளை. எனக்கென்ன குறை?"

போட்டேன். தேத்தண்ணி வைக்க எழும்பியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் நோவு, இரண்டு வருடமாம். கணவருடைய பிரஷர் குளிசைக்கு மாதம் தவறாமல் மூதூர் கிளினிக் போகிறவர் இவர்தான். அப்போதே காலையும் காட்டலாமே என்றேன். "அது வேற லைன் பிள்ளை. நிண்டா பஸ் போயிடும்."

1944இல், வங்காளப் பஞ்சத்துக்கு அடுத்த வருடம், கல்கத்தாவுக்குப் பக்கத்துச் சிங்கூரில் உடல்நிலை பற்றி விசாரித்தார்கள். மனைவியை இழந்த ஆண்களில் 48.5 வீதம் பேர் சுகமில்லை அல்லது அவ்வளவு சுகமில்லை என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 வீதம்தான். குறையோடு வாழப் பழகியவர்கள் அதைக் குறையாகவே சொல்வதில்லை என்பதற்குப் பொருளியலாளர் அமர்த்திய சென் எடுத்துக்காட்டும் கணக்கு இது. திருப்தியா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது, ஒரு பெண்ணால் உண்மையில் என்ன செய்ய முடிகிறது, எப்படி வாழ முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறார் அமெரிக்க மெய்யியலாளர் மார்த்தா நுஸ்பாம். அவருடைய பத்து அம்சப் பட்டியலில் உடல்நலம், உடல் மீதான உரிமை, சிந்தனை எல்லாவற்றோடும் சிரிப்பதும் விளையாடுவதும்கூட இருக்கின்றன. என் படிவத்தில் இவற்றில் ஒன்றுக்கும் கட்டம் இல்லை.

நிலாவெளியிலிருந்து:
விளையாட்டு என்ற சொல்லைத் தாண்டி என்னால் வாசிக்க முடியவில்லை அக்கா. எங்கள் கடலில் குளிக்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். என் வீடு கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. சாமத்தியப்பட்ட பிறகு நான் ஒருநாளும் இறங்கியதில்லை. யாரும் தடுக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்ட மாதிரி யாரும் என்னைக் கூப்பிடவும் இல்லை.

கிண்ணியாவிலிருந்து:
எனக்கு இதில் கொஞ்சம் மாறுபாடு உண்டு. உம்மா பதினொரு வருடம் சவூதியில் வீட்டுவேலை செய்து எங்களுக்கு வீடு கட்டினா. இன்றைக்குக் கேட்டாலும் ஐந்துதான் சொல்லுவா. அதை அறியாமை என்று நாங்கள் தள்ளினால், அந்த வீடு அவவுக்கு என்ன என்பதையே தள்ளிவிடுகிறோம். எங்கேயோ எழுதிய பட்டியலை வைத்து உம்மாவை அளக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினொரு வருடத்தில் எத்தனை நாள் லீவு கிடைத்தது என்று நான் இதுவரை கேட்டதே இல்லை.

திருகோணமலை நகரிலிருந்து:
கிண்ணியாத் தங்கை சொன்னது சரி. காணி திரும்பக் கிடைத்தவருக்கு அந்த ஐந்து உண்மைதான். அதனால் அதை அழிக்காமல், பக்கத்தில் முழங்காலைப் பற்றி எழுதிவைத்தேன். போன மாதக் கிளினிக் நாளில் நானும் மூதூர் போனேன். குளிசை லைனில் நான் நின்றேன், அம்மா காலைக் காட்டப் போனார். பதினொன்றரைக்குள் இரண்டும் முடிந்துவிட்டன. பஸ் இன்னும் போகாமல் நின்றது.