இலங்கையில் 2018 அரசியல் நெருக்கடி நீடித்த அந்த 52 நாட்களில் உங்கள் எம்.பி.யிடம் என்ன கேட்டீர்கள்?

நல்லூரிலிருந்து:

2018 ஒக்டோபர் 26, வெள்ளிக்கிழமை இரவு. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கிவிட்டார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன என்ற செய்தி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மறுநாளே பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார்கள். நவம்பர் 9 இரவு வர்த்தமானி போட்டுக் கலைத்தும்விட்டார்கள்.

அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். அரசியலமைப்பின் 19ஆவது திருத்தத்தின் தமிழ்ப் பிரதியை அச்செடுத்து வரச்சொன்னார். 70ஆம் உறுப்புரையில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். முதல் கூட்டம் நடந்து நான்கரை ஆண்டு முடியும்வரை ஜனாதிபதி கலைக்க முடியாது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்டால் மட்டும் முடியும். அந்தப் பாராளுமன்றம் முதலில் கூடியது 2015 செப்டெம்பர் 1. ஆக, 2020 மார்ச் வரை கைவைக்க இடமில்லை. கணக்கைப் பக்க ஓரத்தில் எழுதி, பிள்ளைகளின் கொப்பி திருத்துவதுபோல் சரி போட்டார்.

ஞாயிறு காலை அந்தத் தாளோடு எம்.பி. வீட்டுக்குப் போனோம். அப்பாவை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மாஸ்டர், ரணில் மட்டும் எங்களுக்கு என்னத்தைச் செய்தவர்? அவருக்காக நாங்கள் ஏன் மினக்கெடவேணும்?" என்றார்.

"தம்பி, நான் ரணிலுக்காக வரேல்லை" என்றார் அப்பா. "நாளைக்கு எங்களுக்கு ஒரு தீர்வை எழுதித் தந்தாலும், ஒரு கையெழுத்தால அழிச்சுப்போடலாம் எண்டால் அந்தத் தீர்வால என்ன பிரயோசனம்? இதை இப்ப தடுக்காட்டி, பிறகு எங்கட விஷயத்தில எப்பிடிக் கேப்பியள்?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தாளை வாங்கி இரண்டு முறை வாசித்தார். என்னைக் கேட்டால், அந்த நேரத்தில் தமிழர்கள் பேசவேண்டியிருந்த ஒரே பேச்சு இதுதான். ரணில்மேல் எங்களுக்கு எத்தனையோ கோபம். அது வேறு கதை.

எங்களைப் போல் இன்னும் எத்தனை பேர் எத்தனை வாசல்களில் நின்றார்களோ. திங்கட்கிழமை மனுக்கள் உயர் நீதிமன்றம் போயின. அப்போது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த சம்பந்தன் ஐயாவும் ஒரு மனுதாரர். செவ்வாய் இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13இல் ஏழு நீதியரசர்களும் ஒருமித்து, கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தார்கள். அப்பா அன்று எம்.பி.க்குத் தொலைபேசி எடுத்து நன்றி சொன்னார். திட்டப் போனவன்தான் நன்றி சொல்லவும் போகவேண்டும் என்பது அவருடைய கொள்கை.

வெள்ளவத்தையிலிருந்து:

நான் வேலை முடிந்து கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி சுற்றுவட்டத்துக்குப் போய் ஆர்ப்பாட்டத்தில் நிற்பேன். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண் ஒருவர், பாராளுமன்ற இணையத்தளத்தில் எம்.பி.க்களின் இலக்கங்கள் இருப்பதைக் காட்டினார். கட்சி தாவ விலை பேசுகிறார்கள் என்ற பேச்சு நாடெங்கும் அடிபட்ட நாட்கள் அவை. இருவரும் ஆளுக்கொரு பட்டியல் பிரித்துக்கொண்டோம். பலர் எடுக்கவில்லை. எடுத்த ஒருவர், "நீங்கள் எந்தக் கட்சி?" என்றார். "வாக்காளர்" என்றேன். கொஞ்சம் பொறுத்து, "சரி, நான் மாறமாட்டேன்" என்றார்.

நவம்பர் 16 சபைக்குள் மிளகாய்த்தூள் வீசினார்கள். சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் காவலோடு உள்ளே வந்து மகிந்தவுக்கு எதிரான நம்பிக்கையில்லாத் தீர்மான வாக்கெடுப்பை நடத்தியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என் கை நடுங்கியது. அவர் அன்று வராமலே இருந்திருக்கலாம். வந்தார்.

ஊர் சொல்ல விரும்பாதவர்:

உங்கள் இருவருக்கும் பதில் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் வந்தபோது, ஜனாதிபதியின் கையில் இவ்வளவு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்று எங்கள் மாவட்ட எம்.பி. ஒருவருக்குப் பதிவுத்தபாலில் எழுதினேன். அது 156 வாக்குகளால் நிறைவேறியது. அதில் ஒன்று அவருடையது. நல்லூர்க்காரரின் அப்பா கோடு போட்ட அந்த நான்கரை ஆண்டும் இரண்டரை ஆண்டாகிப் போனது.

அடுத்த தேர்தலுக்கு வாக்குக் கேட்டு வீட்டுக்கு வந்தார். பற்றுச்சீட்டையும், அவர் பெயர் இருந்த ஹன்சாட் (பாராளுமன்றப் பதிவேடு) பக்கத்தையும் மேசையில் வைத்தேன். "கடிதம் கிடைக்கேல்லையே பிள்ளை" என்றார். நான் வைத்திருந்த நகலை வாசித்துக் காட்டினேன். கடைசி வரி வரை நின்று கேட்டார்.