புதுப்பிப்பு: ஒட்டாவாவில் சமூகவியல் முனைவர் பட்டம், பிரெஞ்சுச் சிக்கல்

கனடாவில் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் இயங்கும் ஒட்டாவா பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பது பற்றிய முந்தைய இழையில் அதிகம் வந்த கேள்வி: "ஆங்கிலத்தில்தான் ஆய்வேடு எழுதப்போகிறேன், பிரெஞ்சு எதற்கு?" ஆய்வேட்டை இந்த இரண்டில் எந்த மொழியிலும் எழுதலாம், உண்மைதான். ஆனால் கருத்தரங்கில் பக்கத்து இருக்கைக்காரர் பிரெஞ்சில் பேசுவார், வாசிப்புப் பட்டியலிலும் பிரெஞ்சு நூல்கள் இருக்கும். படித்தும் கேட்டும் புரிந்துகொள்ளும் அளவாவது கட்டாயம் தேவை.

பிரெஞ்சு தெரியும் என்பதற்குச் சான்றாக டெல்ஃப் (DELF) பி2 என்ற பிரெஞ்சு மொழித் தேர்வை எழுதலாம். பிரெஞ்சு கற்பிக்கும் சென்னை அலியான்ஸ் பிரான்சேஸ் மையத்திலேயே எழுதலாம். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் ஏதாவது ஒரு பகுதியில் 5-க்குக் கீழே போனால் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் தோல்விதான். நம்மவர்களுக்குக் காலை வாருவது பெரும்பாலும் கேட்டல் பகுதி. இந்தச் சான்றிதழ் காலாவதியாகாது. டிசிஎஃப் (TCF), டெஃப் (TEF) என்ற மற்ற இரண்டு பிரெஞ்சுத் தேர்வுகளின் சான்றுகள் 2 ஆண்டுகள்தான் செல்லும். எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று பணம் கட்டுமுன் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

ஆய்வு முன்மொழிவில் இன்னொரு பொறி. "பிரெஞ்சு வாசிப்பேன்" என்று எழுதிவிட்டு, பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூவைக்கூட ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்தே மேற்கோள் காட்டினால் யார் நம்புவார்கள்? கனடாவின் பிரெஞ்சு மொழி மாநிலமான கியூபெக்கின் ஆய்விதழ்களிலிருந்து நான்கைந்து பிரெஞ்சுக் கட்டுரைகளை உண்மையாகவே படித்து வாதத்துக்குள் கொண்டுவாருங்கள். 'சோசியோலோழி எ சோசியேத்தே' (Sociologie et sociétés) இதழில் தொடங்கலாம். பழைய இதழ்கள் எருதி (Érudit) என்ற ஆய்விதழ்த் தளத்தில் இலவசம்.

நெறியாளருக்கு எழுதும் முதல் கடிதம் உங்களுக்குச் சரளமான மொழியிலேயே இருக்கட்டும். கூகுள் மொழிபெயர்த்த பிரெஞ்சு முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.