ஊழியமே விக்கிரகமா மாறிடுமா? கொஞ்சம் சொல்லுங்க

மீட்கப்பட்டவன்:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளா யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியாம மனசுலயே வச்சிருந்தேன். இரட்சிக்கப்பட்டு 11 வருஷம் ஆச்சு, சபையில பாட்டு நடத்துறேன், ரெண்டு வருஷமா தினம் ஒரு வசனம் சொல்லி சின்ன வீடியோ போடுறேன், நாலு பேருக்கு ஆறுதலா இருக்கட்டும்னுதான் ஆரம்பிச்சது. இப்ப என்னடான்னா அலாரம் அடிச்சதும் கண்ணு முழுசா திறக்குறதுக்குள்ள கை போனுக்குப் போயிடுது, எத்தனை வியூஸ், யார் கமெண்ட் போட்ருக்கான்னு பாத்துட்டுதான் பைபிளே. போன வாரம் முழங்கால்ல நின்னு ஜெபிக்கறப்போ ஒரு வார்த்தை அழகா வந்துச்சு, உடனே இதை நாளைக்கு வீடியோல சொல்லலாமேன்னு பாதியில எழுந்து போய் குறிச்சு வச்சேன். திரும்ப வந்து முழங்கால் போட்டா பேச ஒண்ணுமே இல்ல. அப்பதான் பயம் வந்துச்சு. நான் பின்வாங்கிட்டேனா? இதை நிறுத்தணுமா? ஊழியத்தை நிறுத்துறதும் தப்புதானே?

அதிகாலை மன்னா:
தம்பி, 2 இராஜாக்கள் 18:4 எடுத்துப் படிங்க. வனாந்தரத்துல பாம்பு கடிச்சு ஜனங்க செத்தப்போ கர்த்தர் சொல்லித்தானே மோசே அந்த வெண்கலச் சர்ப்பத்தைச் செஞ்சாரு, அதை நோக்கிப் பார்த்தவங்க பிழைச்சாங்க. பல நூறு வருஷம் கழிச்சுப் பார்த்தா அதுக்கே தூபம் காட்டிட்டு இருக்காங்க. யூதா ராஜா எசேக்கியா அதை உடைச்சுப் போட்டு நிகுஸ்தான்னு, அதாவது வெறும் வெண்கலத் துண்டுன்னு, பேர் வச்சாரு. கர்த்தர் தந்ததாச்சேன்னு அவர் தயங்கல பாருங்க. எனக்கு அப்படி விக்கிரகமானது பிள்ளைங்களோட படிப்பு. பரீட்சை வருதுன்னு குடும்ப ஜெபத்தை அஞ்சு நிமிஷமாக்கினேன், அப்புறம் வாரத்துக்கு ஒருநாள், அப்புறம் அதுவும் இல்ல. யாரும் என்னை நிறுத்தச் சொல்லல, நானாதான் நிறுத்துனேன்.

பழைய ஏடு:
யாரும் நிறுத்தச் சொல்லலன்னு சிஸ்டர் எழுதினதைப் படிச்சதும் பிளினி கடிதம்தான் ஞாபகம் வந்துச்சு. கிபி 112 வாக்குல பித்தினியாவுல ரோம கவர்னரா இருந்த பிளினி, ரோம ராயனான டிராஜனுக்கு எழுதினது. (பேதுரு முதல் நிருபம் யாருக்குப் போச்சோ அதுல ஒரு தேசம்.) கிறிஸ்தவங்கன்னு குற்றம் சாட்டப்பட்டு, இல்லன்னு மறுத்தவங்களை ராயனோட சிலைக்கு முன்னால தூபமும் திராட்சரசமும் படைச்சு கிறிஸ்துவைச் சபிக்க வச்சு சோதிச்சிருக்கார். உண்மையான கிறிஸ்தவங்களை இப்படிச் செய்ய வைக்கவே முடியாதாம்னும் அவரே எழுதுறார். ஆனா என்னை உலுக்கினது வேற வரி. சிலபேர், நாங்க முன்னாடி கிறிஸ்தவங்கதான், ஆனா விட்டு மூணு வருஷம் ஆச்சு, சிலர் 20 வருஷம்கூட ஆச்சுன்னு சொல்லிருக்காங்க. அதாவது இந்தக் கவர்னர் அவங்க முன்னாடி சிலையைக் கொண்டுவந்து வைக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடியே உள்ளுக்குள்ள முடிஞ்சு போச்சு. தேமாவும் அப்படித்தான், பவுல்கூடவே சுத்தினவர், கடைசியில இந்தப் பிரபஞ்சத்து மேல ஆசை வச்சுப் போயிட்டார்.

கடுகு விதை:
வீடியோவை நிறுத்துனா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல எனக்கு மனசு வரல பிரதர். பொருளாசையையே விக்கிரகாராதனைன்னு கொலோசெயர் 3:5 சொல்லுது, அது உள்ள இருக்கற ஒண்ணு. போனைத் தூக்கிப் போட்டா நாளைக்கே "எல்லாத்தையும் விட்டவர்"ங்கற பேரு இனிக்க ஆரம்பிச்சிடும், நான் அதுல விழுந்து எழுந்திருக்கேன். அறைவீட்டுக்குள்ள போய் கதவைப் பூட்டி ஜெபம் பண்ணுன்னு ஆண்டவர் சொன்னாரே, அதை அப்படியே பண்ணிப் பாருங்க. ஜெபத்துல கிடைக்கற வார்த்தையை ஒரு மாசம் யார்கிட்டயும் சொல்லாதீங்க, எழுதியும் வைக்காதீங்க. அவருக்கும் உங்களுக்கும் மட்டும் இருக்கட்டும்.

மீட்கப்பட்டவன்:
அக்கா, பிரதர்ஸ், ரொம்ப நன்றி. நேத்து பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன், ஒரு மாசம் வீடியோ இல்ல. போனை வேற ரூம்ல சார்ஜ்ல போட்டுட்டுப் படுத்தேன். காலைல கை ரெண்டு தடவை தலகாணி பக்கத்துல தேடுச்சு. சங்கீதம் 63 எடுத்து வாய்விட்டு வாசிச்சேன், "அதிகாலமே உம்மைத் தேடுகிறேன்"ங்கற இடத்துக்கு மேல போக முடியல, அழுகை வந்துடுச்சு. அதுல என்ன கிடைச்சுதுன்னு இங்க எழுதல. எனக்காக ஜெபிச்சுக்கோங்க.