மாதுறு ஓயாவுக்குப் போகும் கடிதத்தில் எதை எழுதுவது?

கேள்வி: ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகி, 2008 மார்ச்

நான் ஒரு தோட்டத்தில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நான் விரும்புகிறவரின் தாயார் தமிழர். காலமான தந்தையார் சிங்களவர். எங்கள் லயத்துக்குக் கீழே, பஸ் தரிப்பிடத்தை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவர் அவர். வேலை தேடி அலுத்துப்போய், கடந்த மாதம் இராணுவத்தில் சேர்ந்துவிட்டார். தியத்தலாவை எங்களுக்கு அடுத்த ரயில் நிலையம் என்பதால் பயிற்சியும் அங்கேதான் நடக்கும் என்று நம்பியிருந்தேன். அவரை மாதுறு ஓயாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மாலையில் பனிமூட்டம் ஏறி வரும் நேரத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்நேரம் அவர் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, டோர்ச்சை இரண்டு முறை அணைத்து எரிப்பார். நான் இஸ்தோப்பில் நின்று பார்ப்பேன். இப்போதும் அந்த பஸ்ஸின் சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறேன்.

வெறும் ஏக்கமென்றால் பொறுத்துக்கொள்வேன். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் பெரியம்மா குடும்பம் கிளிநொச்சியில் போய்க் குடியேறியது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. 2002 இல் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கை இவ்வருடம் ஜனவரி 16 ஆம் திகதியோடு முடிந்துபோனதால், பயிற்சி முடிந்ததும் அவரை வடக்குக்குத்தான் அனுப்புவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவருக்காகக் கோயிலில் விளக்கேற்றும்போது பெரியம்மாவின் முகம் வந்து நிற்கிறது. எதை வேண்டுவதென்று தெரியாமல், விளக்கை மட்டும் ஏற்றிவிட்டுத் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அவருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. ஆகவே தமிழையே சிங்கள எழுத்தில் எழுதுகிறேன். அக்கடிதத்தில் எதை எழுதலாம், எதை விடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்வீர்களா?

பதில்: பதுளையிலிருந்து

தங்கைக்கு, நான் மலாய்க் குடும்பத்தவள். எங்கள் ஆட்களில் தலைமுறை தலைமுறையாகப் படையில் சேர்ந்தவர்கள் உண்டு. எனக்கு நிச்சயிக்கப்பட்டவர் 1995 இல் பயிற்சிக்குப் போனார். முதல் வாரங்களில் பதில் வராவிட்டால் மனம் மாறிவிட்டார் என்று எண்ணிவிடாதீர்கள்; விடியுமுன் எழும்பி ஓடி, இரவில் சாய்ந்தவுடன் உறங்கிப்போகும் உடம்புக்குப் பேனா பிடிக்கத் தெம்பிருக்காது.

விடுமுறையில் வந்தபோது அவர் சட்டைப் பையிலிருந்து என் கடிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். எட்டாக மடித்திருந்த அந்தத் தாளில் வியர்வைபட்டு மை முழுவதும் பரவியிருந்தது. 'பின்பக்கத்துக் கொய்யா காய்த்திருக்கிறது' என்ற ஒரு வரியை மட்டுமே வாசிக்க முடிந்தது. நான் இரவெல்லாம் யோசித்து எழுதிய கவலைகள் அழிந்துபோய், அந்தக் கொய்யாவைத்தான் அவர் தினமும் வாசித்திருக்கிறார். ஆகவே வீட்டு விசேஷங்களையும் மழையையும் எழுதுங்கள். முகாமைப் பற்றியோ, அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்றோ கேட்க வேண்டாம்; பிறர் கையில் அகப்பட்டால் அவருக்குத்தான் தொல்லை. பெரியம்மாவின் விடயத்தை அவர் விடுமுறையில் வரும்போது நேரில் பேசுங்கள்.

பதில்: தலவாக்கலையிலிருந்து

பிள்ளை, மேலே எழுதியவர் சொன்னதில் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. அந்தக் கணக்கில் என் மனதுக்குப் பிடித்தவரும் ஒருவர். 1973 இல், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களைக் கப்பலேற்றக் கொண்டுபோன 'ஒப்பாரிக் கோச்சி' என்ற ரயிலில் ஏறித் தலைமன்னாருக்குப் போனார். நோகடிக்கக்கூடாது என்று நான் கொழுந்தையும் மழையையும் மட்டுமே எழுதினேன். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதை எழுதவில்லை. அவரும் கோத்தகிரிக் குளிரை எழுதினாரே தவிர, அங்கே பட்ட பாட்டை எழுதவில்லை. இருவருமே மறைத்து மறைத்து, எழுத ஒன்றும் இல்லாமற்போய், இரண்டு வருடத்தில் கடிதம் நின்றுவிட்டது.

பெரியம்மா அங்கே இருப்பதை எழுது. அதில் படை இரகசியம் ஏதுமில்லை. தமிழ்த் தாய் வளர்த்த பிள்ளைக்கு அந்த நினைப்பு உனக்கு முன்பே வந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், மனதைத் திடப்படுத்திக்கொள்: அவருக்கு ஏதும் நேர்ந்தால் செய்தி அவர் வீட்டுக்குத்தான் போகும், உன் வீட்டுக்கு வராது. உன் அம்மாவிடம் சொல்லத் தைரியம் வரும்வரை, அவருடைய அம்மாவையாவது போய்ப் பார்.

கேள்வி கேட்டவர்

ஞாயிற்றுக்கிழமை போனேன். அவருடைய கடிதம் வந்து நான்கு நாட்களாக அலமாரியில் கிடந்தது. அவருடைய அம்மாவுக்குச் சிங்களம் பேச வருமே தவிர வாசிக்கத் தெரியாது. நான் உரக்க வாசிக்க, அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கால் கொப்பளித்துவிட்டது, சோறு பரவாயில்லை என்று எழுதிவிட்டு, டோர்ச்சிலிருந்து பெட்டரிகளைக் கழற்றி வைக்கவும், இல்லாவிட்டால் கசிந்துவிடும் என்று கடைசியில் எழுதியிருந்தார். அம்மா உள்ளே போய் டோர்ச்சை எடுத்து வந்து, ஒன்றும் கேட்காமல் என் கையில் தந்தார்.

பெரியம்மாவைப் பற்றி நேற்றிரவு எழுதி முடித்தேன். நாளை தபாலில் சேர்ப்பேன். பெட்டரிகளை இன்னும் கழற்றவில்லை.