6 அங்குல வால்வு, ஹைட்ரோ (தண்ணீர் அழுத்த) சோதனைக்கு எத்தனை பார்? அவசரம்

பொருத்துநர்_கோவை:
நாளை காலை ஆய்வாளர் வருகிறார். வால்வில் 300 என்று வார்த்திருக்கிறது. 300 பிஎஸ்ஐக்கு ஒன்றரை மடங்கு 450, அதாவது 31 பார் என்று நினைக்கிறேன். மேற்பார்வையாளரோ லைனின் டிசைன் அழுத்தம் 25 பார், ஆகவே 37.5 போதும் என்கிறார். எது சரி?

செம்மண்:
கேட் வால்வா (தகடு இறங்கி அடைப்பது), பால் வால்வா (பந்து திரும்பி அடைப்பது)? பாடி என்ன உலோகம்? பெஞ்சில் இருக்கிறதா, லைனில் பூட்டியாகிவிட்டதா?

நீராவி:
இரண்டுமே தவறு. கிளாஸ் 300 என்பது வகுப்பின் பெயர், பிஎஸ்ஐ அல்ல. பாடி டபிள்யூசிபி (கார்பன் எஃகு வார்ப்பு) என்றால் 38 டிகிரியில் அது தாங்க அனுமதித்த அழுத்தம் 51.1 பார். பாடி சோதனைக்கு ஒன்றரை மடங்கு 76.65, அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றி 77 பார். சீட்டுக்கு (அடைப்பு வந்து அமரும் வளையத்துக்கு) 1.1 மடங்கு. லைனின் 25 பாரை வைத்துக் கணக்கிடுவது குழாய்ச் சோதனைக்கு. தனி வால்வுக்கு அல்ல.

பழைய_கை:
பி16.34 (வால்வுகளுக்கான தர விதி) அட்டவணையைத் திறந்துகூடப் பார்க்காமல் வால்வில் கை வைக்கிறீர்கள். எங்கள் காலத்தில் பயிற்சியின் முதல் வாரமே அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

செம்மண்:
ஐயா, அவருக்கு இரவுக்குள் விடை வேண்டும். தம்பி, உலோகத்தைச் சொல்லுங்கள்.

காற்றழுத்தி:
தண்ணீர் எதற்கு? நாங்கள் கம்ப்ரஸரில் 7 பார் கொடுத்து சோப்பு நுரை தடவிப் பார்க்கிறோம். கசிவு உடனே தெரிகிறது.

நீராவி:
அது ஏபிஐ 598 (வால்வுச் சோதனை விதி) சொல்லும் குறைந்த அழுத்த சீட் சோதனை, 4 முதல் 7 பார் வரை. வார்ப்பில் இருக்கும் நுண்துளையை அது காட்டிக்கொடுக்காது. அதற்காக 77 பார் வரை காற்றை ஏற்றிவிடாதீர்கள். அழுத்திய காற்றில் தேங்கும் ஆற்றல் தண்ணீரில் இல்லை. பாடி உடைந்தால் துண்டுகள் பறக்கும்.

காற்றழுத்தி:
பத்து ஆண்டுகளில் எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை.

பழைய_கை:
ஆகாதவரை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். இதில் நீராவி சொல்வதே சரி.

பொருத்துநர்_கோவை:
மன்னியுங்கள், கேட் வால்வு, பெஞ்சில்தான். பாடியில் சிஎஃப்8எம் என்று இருக்கிறது. 40 பார் ஏற்றிப் பார்த்தேன், முள் மெல்ல இறங்குகிறது. வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

நீராவி:
அப்படியானால் 77 அல்ல. சிஎஃப்8எம் (துருப்பிடிக்காத எஃகு வார்ப்பு) என்றால் 49.6 பார், பாடிக்கு 75, சீட்டுக்கு 55. முள் இறங்குவதற்கு, உள்ளே காற்று தங்கியிருக்கும். கேட்டைப் பாதி திறந்து வைத்து, மேலே உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று தண்ணீர் ஒரே தாரையாக வரும்வரை விடுங்கள்; பிறகு மூடுங்கள். 6 அங்குலத்துக்கு 60 விநாடி நிற்க வேண்டும். சீட்டை இரு பக்கமும் தனித்தனியாகச் சோதியுங்கள். துருப்பிடிக்காத எஃகு என்பதால் உப்புத் தண்ணீர் கூடாது.

செம்மண்:
அழுத்தமானியின் அளவையும் பாருங்கள். 100 வரை மட்டும் காட்டும் மானி 75 பார் சோதனைக்கு ஏற்றதல்ல, 160 இருந்தால் நல்லது. கிலோவில் (சதுர செ.மீ.க்கு) குறித்திருந்தால் 75 பார் என்பது ஏறக்குறைய 76.5.

பழைய_கை:
கிளாண்டில் (தண்டைச் சுற்றிய அடைப்பில்) சொட்டினால் வால்வைத் தள்ளிவிடுவார்கள்.

நீராவி:
தள்ள வேண்டியதில்லை. இறுக்கக்கூடிய கிளாண்ட் என்றால், பாடி சோதனையில் அங்கே சொட்டுவதை விதி குற்றமாக எடுப்பதில்லை. ஆனால் 49.6 பாரில் அது கசியாமல் நிற்க வேண்டும்.

பழைய_கை:
எங்கள் ஆய்வாளர்கள் ஒருவரும் இதை ஏற்றதில்லை.

பொருத்துநர்_கோவை:
காற்றுதான் இருந்தது. 75இல் நின்றது. கிளாண்ட் நட்டைக் கால் சுற்று இறுக்கினேன். நன்றி, அடுத்த வால்வு காத்திருக்கிறது.